ஒரு முழமும் மூன்று விரலும்

டொரீனுக்கு ஐம்பத்து நான்காம் வயதில் ஓர் ஆசை வந்தது. நகை, புடவை, வெளிநாட்டுப் பயணம் என்று ஊர் உலகம் ஆசைப்படுவது எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் செங்கல்லால் கூரை வளைந்த ஓர் அடுப்பு கட்ட வேண்டும், அதில் விறகு போட்டுப் பீட்சா சுட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அது வந்து தொற்றிக்கொண்ட இடம் கோலாலம்பூரில் ஒரு பீட்சா கடை. மகள் கெய்ட்லின் புதுக் கார் வாங்கிய கையோடு அம்மாவையும் அப்பாவையும் செரண்டாவிலிருந்து அங்கே கூட்டிப்போயிருந்தாள். கடையின் நடுவில் அந்த அடுப்பு வயிறு பெருத்து உட்கார்ந்திருந்தது. உள்ளே நெருப்பு ஒரு பக்கமாக எரிந்து, சுவரோடு ஏறி, வளைந்த கூரையைத் தடவிக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பியது. டொரீன் பத்தொன்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில், அடுப்பிலிருந்து பிஸ்கட் வெளிவரும் வாசலில், தொப்பியும் கையுறையும் போட்டு நின்றவள். அங்கே இருந்தது நீளமான இரும்புச் சுரங்கம். அதற்குள் எரியும் நெருப்பை ஒரு நாள்கூட அவள் கண்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது, அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது தட்டில் பீட்சா ஆறிப் போவதுகூடத் தெரியாமல் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுக்குப் பின்னால இப்பிடி ஒண்ணு கட்டணும்," என்றாள்.

கணவர் ராஃபேலும் கெய்ட்லினும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளை விமானம் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. டொரீனும் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஆனால் ஆசை அவளோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

ராஃபேலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புக்கிட் பெருந்துங்கில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லோரி ஓட்டுகிறார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய குறை அவருக்கும் உண்டு, வீட்டுக்கு எது தேவை என்று அவரே முடிவு செய்துவிடுவார். மூலை வீடு என்பதால் பக்கத்துச் சந்து வழியாகப் பின்புறத்துக்குக் கார் வரலாம். பின்புறம் முழுவதையும் சிமெண்டு போட்டு, ஒரு கேட்டு வைத்து, மகளுடைய காரை அங்கே நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. சிமெண்டு லோரிக்கும் சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்த அன்று டொரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் அவள் அப்படி நின்றது மூன்று தடவையோ நான்கு தடவையோதான்.

"எனக்கு அஞ்சு வாரம் குடுங்க. கடைசி ஞாயித்துக்கிழம ஜெபக் கூட்டம் நம்ம வீட்டுல. பதினாலு பேரு வருவாங்க. அன்னைக்கு அந்த அடுப்புல பீட்சா சுட்டுப் போடறேன். முடியலன்னா மறுநாளே சிமெண்டு ஊத்திக்குங்க. நானே நின்னு தண்ணி தெளிக்கிறேன்."

"மேகி ஆன்ட்டிக்கு பீஹூன் இல்லாம ஜெபம் எறங்காது லா," என்றார் ராஃபேல். கூட்டத் தலைவி மேகி ஆன்ட்டிக்கு அந்த அரிசிச் சேமியா இருந்தே ஆக வேண்டும். ராஃபேல் முடியாது என்று சொல்லாததையே சம்மதம் என்று டொரீன் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு இராஜம்மா கூட்டுச் சேர்ந்தாள். இவள் ரவாங் பசாரில் பூ விற்பவள். இருபத்தேழு வருடக் கடை. டொரீனைவிட மூன்று வயது மூத்தவள், ஆறு விரற்கடை உயரம், குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீட்சா என்றால் என்னவென்று அவளுக்கு அக்கறை இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து சாந்து குழைத்துச் சுவர் எழுப்பப் போகிறோம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் வேர்க்க விறுவிறுக்க அடுப்பு கட்டும் வீடியோவை இருவரும் பதினொரு தடவை பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அவர் சொன்ன அளவுகளை டொரீன் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளைக் காட்டியதும் ஹார்ட்வேர் கடையின் சீன முதலாளி தவுக்கே நெருப்பு தாங்கும் செங்கல்லை எண்ணிக் கொடுத்தார், அடுப்பு வாசலின் வளைவைக் கட்டுவதற்கு ஒரு பலகையையும் அளவு பிசகாமல் அறுத்துக் கொடுத்தார். வாசலின் உயரம் பன்னிரண்டரை அங்குலம். விறகுக்குக் கவலையே இல்லை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பர் பால்மரக் கட்டைகளை ராஃபேலே லோரியில் கொண்டுவந்து இறக்கினார். இது நடக்காது என்று நம்பிக்கொண்டே விறகும் கொண்டுவந்து போடுகிற மனிதரை என்னவென்று சொல்வது?

முதல் வாரம் கல் அடுக்கி மேடை கட்டினார்கள். மேடைமேல் தளம் போட்டார்கள். இரண்டாவது வாரம்தான் முக்கியமான வேலை, கூரை. வீடியோக்காரர் சொன்ன முறை எளிமையானது. தளத்தின் நட்ட நடுவில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு. கயிறு இருபது அங்குலம். ஈர மணலைக் குவித்து, எந்தப் பக்கம் இழுத்தாலும் கயிற்றின் நுனி மணலின் மேற்பரப்பைத் தொடும்படி தட்டி உருட்ட வேண்டும். மணல்மேல் நனைந்த செய்தித்தாள், அதன்மேல் செங்கல். சாந்து இறுகியதும் வாசல் வழியாக மணலைத் தோண்டி எடுத்துவிட்டால் உள்ளே குகை தயார்.

கயிற்றை அளக்கத்தான் ஒன்றும் கையில் இல்லை. டேப்பு ராஃபேலின் லோரியில் இருந்தது. கேட்டால் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று நாலு யோசனை சொல்வார். அதை டொரீனால் தாங்க முடியாது.

"கை இருக்கும்போது டேப்பு எதுக்குடி?" என்றாள் இராஜம்மா. "எத்தன வேணும்?"

"இருபது இஞ்ச். ஒரு முழம்னா பதினெட்டு. அதோட மூணு விரல் சேத்துக்குங்க, சரியா வரும்."

இராஜம்மா கயிற்றை முழங்கையில் வைத்து விரலுக்கு இழுத்து, மூன்று விரலையும் சேர்த்து, கத்தியால் ஒரு வெட்டு வெட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. டொரீனுக்கு அந்த வேகத்தைப் பார்த்தே நம்பிக்கை வந்துவிட்டது.

கூரை எழும்பியது. கடைசிக் கல்லை உச்சியில் செருகியபோது இராஜம்மா குலவையே போட்டாள். தளத்தில் மட்டும் கூரையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் விளிம்பு மிச்சம் இருந்தது. தவுக்கே எண்ணிக் கொடுத்த செங்கல்லிலும் பத்துப் பதினைந்து மிச்சம்.

"நல்லதாப் போச்சு. தட்டு வைக்கலாம், மொளகா சம்பால் வைக்கலாம்," என்றாள் இராஜம்மா. டொரீனுக்கும் அது சரியாகவே பட்டது. வேலை நன்றாக நடக்கிறது என்று முடிவு செய்துவிட்டால் மனிதர்கள் குறையைக்கூட வசதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

மணலைத் தோண்டி எடுத்தார்கள். கூரை நின்றது. அடுத்த இரண்டு வாரம் தினமும் சின்ன நெருப்புப் போட்டு அடுப்பைக் காயவைத்தார்கள். கெய்ட்லின் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "மம்மி, சீரியஸா? இது ரியலாவே அழகா இருக்கு," என்றாள். டொரீன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

கடைசிச் சனிக்கிழமை பெரிய நெருப்பு. இரண்டு மணி நேரம் பால்மரக் கட்டை கொழுந்துவிட்டு எரிந்தது. மாவைத் தட்டி, தக்காளி தடவி, சீஸ் தூவி, முதல் பீட்சாவை டொரீன் மரத்துடுப்பில் வைத்து உள்ளே தள்ளினாள். இரண்டு நிமிடத்தில் ஆக வேண்டியது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. எடுத்துப் பார்த்தால் அடி கரி, மேல் பச்சை மாவு. சீஸ் தூவியது தூவியபடியே இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டாள். அதுவும் அப்படியே.

ராஃபேல் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்திருந்தால் டொரீன் பதில் சொல்லியிருப்பாள், மனசும் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் கேலி செய்யவில்லை.

"சரி விடும்மா," என்றார் தன்மையாக. "முயற்சி பண்ணுன இல்ல, அது போதும். நாளைக்கு பீஹூன் வாங்கிக்கலாம். திங்கக்கிழம எப்படியும் லோரி வருது."

அந்த 'அது போதும்' டொரீனைச் சுட்ட மாதிரி எதுவும் அந்த வருடத்தில் அவளைச் சுடவில்லை. அவளுக்கு அடுப்புதான் வேண்டியிருந்தது. முயற்சி பண்ணினாள் என்ற பெயரை வைத்து அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உடைகூட மாற்றாமல் அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி விறகைக் கொளுத்தி உள்ளே தள்ளினாள். புகை சுவரோடு ஏறியது, கூரையைத் தொட்டது. தொட்ட மறுகணமே வாசல் வழியாக வெளியே போய்விட்டது. கூரையில் அது நிற்கவே இல்லை. தொழிற்சாலை அடுப்பின் வாசல் அவளுக்கு நினைவில் வந்தது. கை நுழையும், தலை நுழையாது. அவ்வளவு தாழ்வு. சூடு வெளியே வரக் கூடாது என்று அதற்கு முன்னால் ஒரு தகடு வேறு தொங்கும். பத்தொன்பது வருடம் அந்தத் தகட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கேயோ வாசல் கிட்டத்தட்டக் கூரை உயரத்துக்கு ஆவென்று திறந்திருந்தது.

ராஃபேலின் லோரி வெளியே நின்றது. போய் டேப்பை எடுத்துவந்தாள். வாசல் பன்னிரண்டரை அங்குலம், சரி. கூரையின் உள் உயரம் இருபது இருக்க வேண்டும். டேப்பு பதினாறு என்றது. இன்னொரு முறை அளந்தாள். பதினாறேதான்.

கடையை மூடிவிட்டு மதியம் இராஜம்மா வந்து சேர்ந்தபோது டொரீன் கயிற்றோடு காத்திருந்தாள்.

"அக்கா, ஒரு முழம் அளந்து காட்டுங்க."

இராஜம்மா முழங்கையில் வைத்து இழுத்தாள். டொரீன் இந்தத் தடவை கண் கொட்டாமல் பார்த்தாள். கயிறு விரல் நுனிக்குப் போகவில்லை. மணிக்கட்டு தானாக உள்ளே மடங்கியது, கட்டைவிரல் பாதி உள்ளங்கையிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டது. டேப்பை வைத்தால் பதினான்கு அங்குலம்.

"இன்னொரு தடவ."

பதினான்கு.

"முழம் பதினெட்டுக்கா!"

இராஜம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வேறு யாருடைய கையோ தன்மேல் ஒட்டியிருப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேணும்னு செய்யலடி. கையே அப்பிடித்தான் வருது. ஆரம்பத்துல மல்லிக வெல ஏறுனப்ப மட்டும்தான் மடக்குனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெல எறங்கவே இல்ல."

டொரீனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஐந்து வாரம், அத்தனை செங்கல், முதுகு வலி, எல்லாவற்றையும் இந்தக் கை தின்றுவிட்டது. நாளைக்குச் சிமெண்டு வந்து இதன்மேல் நிற்கப் போகிறது. இதையெல்லாம் கேட்க வாயைத் திறந்தவளுக்கு வேறொன்று தட்டுப்பட்டது.

"சனிக்கிழம சனிக்கிழம நான் மாதாவுக்கு ரெண்டு முழம் வாங்குறேனே. அதுவும் பதினாலுதானா?"

இராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "மாரியம்மனுக்கே பதினாலுதான்டி போட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

டொரீன் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. இராஜம்மாவும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தாள். இரண்டு பேரும் அந்தப் பதினாறு அங்குலக் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தில், உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்த ராஃபேல் எழுந்து உட்கார்ந்தார்.

சிரித்து முடித்ததும் டொரீனுக்கு மூளை வேலை செய்தது. கூரையை இனி உயர்த்த முடியாது. வாசலைத் தாழ்த்தலாம் அல்லவா? இருபதுக்குப் பன்னிரண்டரை என்றால் பதினாறுக்கு எவ்வளவு? கையில் கிடைத்த ஏதோ பழைய அழைப்பிதழ் உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். பத்து. வாசலுக்கு முன்னால் மிச்சமிருந்த விளிம்பில் இரண்டு பக்கமும் பத்து அங்குலத்துக்குச் செங்கல் அடுக்கி, குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டு, அதற்குமேல் உள்ள இடைவெளியைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும். செங்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரும்புப் பட்டைக்கு எங்கே போவது? தவுக்கே கடையை அடைத்திருப்பார்.

இராஜம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் தோளில் ஒரு பட்டையோடு வந்தாள். கடை முன்னால் மாலைகளைத் தொங்கவிடும் இரும்புப் பட்டை அது, கடையை மூடும்போது கையோடு கொண்டுவந்துவிடுவாள். நார்ச் சிக்கல்கூட அதில் அப்படியே இருந்தது.

"நாளைக்குக் கடைக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"கயித்துல தொங்க விடுவேன். நீ கல்ல எடு," என்றாள் இராஜம்மா. "அளவ மட்டும் நீயே பாத்துக்க."

மூன்று மணிக்கு நெருப்பு மூட்டினார்கள். நாற்காலி இரவல் வாங்கி வந்த ராஃபேல் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். புது வாசலின் ஈரக் களிமண் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நெருப்பு கூரையைத் தடவி, வாசல்வரை வந்து, வழி தாழ்ந்திருப்பதைக் கண்டு திரும்பவும் உள்ளேயே புரண்டது. ஐந்து மணிக்குக் கூரையின் கருப்பெல்லாம் எரிந்து கல் வெள்ளையாகிவிட்டது. இதற்குத்தான் வீடியோக்காரர் காத்திருக்கச் சொன்னார். நேற்று அந்தக் கூரை கரிக்கருப்பாகவே இருந்ததன் பொருளை டொரீன் இப்போதுதான் புரிந்துகொண்டாள்.

ஆறு மணிக்கு ஜெபக் கூட்டத்தார் வந்தார்கள். தலைவி மேகி ஆன்ட்டி கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம்.

"ஒரு பாதுகாப்புக்கு லா," என்று சொல்லி பீஹூனை மேசையில் வைத்தாள்.

செபமாலை தொடங்கியது. டொரீன் முன்னறையில் முழங்காலில் இருந்தாலும் மனம் பின்புறத்தில் இருந்தது. நெருப்பைப் பார்த்துக்கொள்ள இராஜம்மா அங்கே நின்றாள். அவளிடம் ஒரு வேலை கொடுத்தால் அதை மட்டும் செய்துகொண்டு சும்மா நிற்க மாட்டாள். பீட்சா ஒன்றைத் தானே உள்ளே தள்ளிவிட்டாள் போலிருக்கிறது. செபமாலையின் ஐந்து பத்துகளில் நான்காவது பத்து மணி நடக்கும்போது நெத்திலிச் சம்பாலும் வெந்த மாவும் உருகிய சீஸுமாக ஒரு வாசனை வீட்டுக்குள் வந்தது. எல்லாருடைய தலையும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. மேகி ஆன்ட்டி ஐந்தாவது பத்து மணியைச் சொல்லி முடித்த வேகம் செரண்டாவில் இதுவரை யாரும் கேட்டிராதது.

பின்புறத்தில் இராஜம்மா துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். துடுப்பில் ஒரு பீட்சா. ஓரம் உப்பி, அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்து, சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலின் அகலமும் சிறுத்துவிட்டதால் பெரிய பீட்சா நுழையாது. ஒரு தோசை அளவுதான். அதுவே நல்லதாயிற்று, வெட்டிப் பங்கு போடும் வேலை இல்லை, ஆளுக்கு ஒன்று. டொரீன் தட்டினாள், தள்ளினாள், திருப்பினாள், எடுத்தாள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதல் நான்கு போகும்வரை அவள் மூச்சே விடவில்லை. ஐந்தாவதில்தான் தன் கைக்கு வழி தெரிந்துவிட்டது என்று அவளுக்கே புரிந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேகி ஆன்ட்டி மூன்று சாப்பிட்டாள். பீஹூன் பாத்திரத்தின் மூடியை யாரும் திறக்கவில்லை. போகும்போது அவள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்து, கெய்ட்லினும் இராஜம்மாவும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராஃபேல் தம் பங்கைச் சாப்பிட்டுவிட்டு அடுப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். வாசலில் குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து சிமெண்டு லோரிக்காரரிடம் மலாய் மொழியில் பேசினார். நாளைக்கு வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் என்றைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். என்றைக்கும் வேண்டாம் என்றார்.

"காரு?" என்றாள் டொரீன்.

"ரோட்டுல நிக்கட்டும். காருக்கு என்ன, மழையில சளியா பிடிக்கப் போகுது?"

டொரீன் அடுப்பின் முன் குனிந்தாள். கட்டை ஒன்றை உள்ளே தள்ளினாள். சுட வேண்டியது எல்லாம் சுட்டாயிற்று, இனி நெருப்புக்கு வேலை இல்லை. ஆனாலும் அது எரிவதை அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ராஃபேல் அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் எப்போது பார்த்தார் என்று யோசித்தவர்போல நின்றார்.

"வேற என்ன வேணும் உனக்கு?" என்றார்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். வீட்டுக்கு இல்ல. பாப்பாவுக்கு இல்ல. உனக்கு."

டொரீன் வாயைத் திறந்தாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்பதுதான் முதலில் வந்தது. கெய்ட்லினுக்கு நல்ல மெத்தை வாங்க வேண்டும் என்பது அடுத்து வந்தது. மூன்றாவதாக வந்தது ராஃபேலின் கண்ணாடி. வரிசையாக வந்துகொண்டே இருந்தன, அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"மெதுவா யோசி," என்று சொல்லி, ராஃபேல் இரவல் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.